1,200 ரிங்கிட், வாரம் 5 மணி நேரம்: கருத்தரங்கா, புத்தகமா, வாசிப்பு வட்டமா?

தைப்பூசத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் அண்ணன் மகள் காஜாங்கிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒரு கையில் வடைப் பொட்டலம், மறு கையில் தொலைபேசி. தொலைபேசியில் ஒரு விளம்பரம்: ஓட்டலில் இரண்டு நாள், மன ஊக்கம் தரும் தன்முனைப்புக் கருத்தரங்கு, கட்டணம் 1,800 ரிங்கிட், மாத இறுதிக்குள் பதிந்தால் 1,200.

"வருகிற வருடம் என்னைக் கொஞ்சம் வளர்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன், அத்தை. இதற்கென்று மாதம் 100 ரிங்கிட்டும் வாரம் 5 மணி நேரமும் ஒதுக்க முடியும். மொத்தத்தையும் இதில் போட்டுவிடலாமா, இல்லை வருடம் முழுக்கப் புத்தகமாக வாங்கிப் படிக்கலாமா?" என்று கேட்டாள்.

நான் முப்பது வருடம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவள். கேள்வி பணத்தில் வந்தால் வரவு செலவு எழுதிப் பார்க்காமல் விடமாட்டேன். காகிதத்தை எடுப்பதற்கு முன் அவளிடம் ஒன்று கேட்டேன்: வளர்த்துக்கொள்வது என்றால் எதை? முதலில் விளம்பரத்தில் இருந்த சொற்களையே திருப்பிச் சொன்னாள். இரண்டாவது வடைக்குப் பிறகுதான் உண்மை வந்தது. அலுவலகக் கூட்டத்தில் வாய் திறக்க வரவில்லை. சம்பளம் 20ஆம் தேதியைத் தாண்டுவதில்லை. மூன்றாவதைச் சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: அப்பா போன பிறகு அம்மாவோடு பத்து நிமிடம் பேசினால் சண்டையில் முடிகிறது.

மூன்றும் மூன்று நோய். ஒரே கஷாயத்தில் தீரும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் அவள் முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். எல்லாவற்றுக்கும் நான் வைத்த அளவுகோல் ஒன்றுதான்: அது முடிந்த மறுநாள், "என்ன ஆயிற்று?" என்று உன்னைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

கருத்தரங்கில் தொடங்கினோம், ஏனென்றால் அதில் எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. எட்டு வருடத்துக்கு முன் பெட்டாலிங் ஜெயாவில் இப்படியொரு கூட்டத்துக்கு 900 ரிங்கிட் கட்டிப் போனேன். பாட்டு, கைதட்டல், பக்கத்து இருக்கைக்காரரைக் கட்டிக்கொண்டு அழுகை. நானும் அழுதேன், பொய் சொல்வானேன். இரண்டாம் நாள் பிற்பகலில் மேல்நிலைப் பயிற்சி ஒன்றை அறிவித்தார்கள். 6,000 ரிங்கிட், அந்த விலை அன்று மட்டும். இருக்கை வரிசைகளின் ஓரத்தில் கடனட்டை இயந்திரத்தோடு பிள்ளைகள் நின்றார்கள். வீடு திரும்பி 11 நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். பன்னிரண்டாம் நாள் மழை. அவர்கள் கொடுத்த தடித்த கோப்பில் இப்போது தண்ணீர்க் கட்டணச் சீட்டுகள் இருக்கின்றன. பேச்சாளர் இரண்டு நாள் முழங்கியதெல்லாம் வாசலில் 45 ரிங்கிட்டுக்கு விற்ற அவருடைய புத்தகத்திலேயே இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

அங்கே ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். கூட்டத்துக்கு ஒரு சூடு உண்டு. தனியாகப் படிக்கிறவருக்கு அது கிடைக்காது. ஏற்கனவே ஒரு காரியத்தில் இறங்கிப் பாதியில் தளர்ந்தவரை அது தள்ளிவிடக்கூடும். எங்கே தொடங்குவது என்றே தெரியாத பெண்ணுக்கு, அதுவும் வருடத்துப் பணம் முழுவதையும் விழுங்குகிற விலையில், வேண்டாம். மறுநாள் கேட்க அங்கே ஆள் உண்டுதான். அடுத்த வகுப்புக்குப் பணம் கேட்க.

புத்தகத்தைப் பத்து நிமிடத்தில் சுருக்கித் தரும் செயலிகளைப் பற்றி அதிகம் பேசவில்லை. பத்து நிமிடத்தில் அடங்கிவிடும் புத்தகத்துக்குப் பத்து நிமிடம் போதும். சுயமுன்னேற்ற நூல்களில் பாதி அந்த ரகம். வாங்கலாமா என்று சலித்துப் பார்க்கும் சல்லடையாக வைத்துக்கொள், அதைச் சாப்பாடு என்று எண்ணாதே என்றேன்.

செவிவழி வாசிப்பு அவளுக்குப் பொருத்தமாகத் தெரிந்தது. செந்தூலில் ஏறி, மஸ்ஜிட் ஜாமெக்கில் ரயில் மாறி, கெரின்ச்சியில் இறங்குகிறாள். காலை நேரத்து எல்.ஆர்.டி.யில் ஒரு கை கம்பியைப் பிடிக்கவே சரியாக இருக்கும். புத்தகத்தை எங்கே விரிப்பது? கேட்பது படிப்பதைவிடத் தாழ்ந்தது என்ற எண்ணமும் நமக்கு வேண்டியதில்லை. வள்ளுவர் கல்விக்கு 40ஆம் அதிகாரத்தை ஒதுக்கியவர், அடுத்து ஓர் அதிகாரம் தள்ளி, 42ஆம் அதிகாரத்தைக் கேள்விக்கே கொடுத்திருக்கிறார். என் தாத்தாவுக்கு எழுத்து தெரியாது. தோட்டத்து முடிதிருத்தும் கடையில் ஒருவர் தமிழ் நேசனை உரக்கப் படிக்க, சுற்றி உட்கார்ந்து கேட்டவர்களில் அவரும் ஒருவர். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன அந்த நாளிதழ், படிக்கத் தெரியாத எத்தனை பேருக்குப் பத்திரிகையாக இருந்தது என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் அந்தக் கடையில் ஒருவர் படித்து முடித்ததும் நாலு பேர் சண்டை போட்டார்கள். காதுக்குழலில் கேட்கிறவரோடு சண்டை போட ஆளில்லை. மஸ்ஜிட் ஜாமெக்கில் ரயில் மாறுகிற அவசரத்தில் அரை அத்தியாயம் காற்றில் போய்விடும். அதைப் புரட்டித் தேடவும் முடியாது. ஆகவே கதையும் வாழ்க்கை வரலாறும் காதுக்கு ஏற்றவை. வட்டிக் கணக்குச் சொல்லும் புத்தகம் ஏற்றதல்ல. இணையத்தில் கிடைக்கும் தமிழ் ஒலிநூல்களில் எழுதியவரின் அனுமதி இல்லாமல் ஏற்றப்பட்டவை நிறைய என்பதையும் கவனிக்கவேண்டும்.

திரையில் படிப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காகிதத்தையும் திரையையும் ஒப்பிட்ட 54 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2018இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அவற்றில் பங்கேற்றவர்கள் 1,70,000 பேருக்கு மேல். தகவல் நூல்களைக் காகிதத்தில் படித்தவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகப் புரிந்தது. கதைகளில் அந்த வேறுபாடு இல்லை. நாம் செய்வதோ நேர்மாறு. நாவலை ஆசையாக அச்சில் வாங்கி அடுக்குகிறோம். கடன், காப்புறுதி, முதலீடு பற்றிய கனமான விஷயங்களைத் தொலைபேசியில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறோம். பழைய தமிழ் நூல்களைப் பொறுத்தவரை திரைக்கு வேறொரு நியாயமும் உண்டு: காசு வேண்டாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியத்திலிருந்து எத்தனையோ நூல்களை இலவசமாக வைத்திருக்கிறது. தொலைபேசியின் குற்றம் எழுத்தில் இல்லை. நடுவில் எட்டிப்பார்க்கும் குடும்பக் குழுவின் காலை வணக்கங்களில் இருக்கிறது.

அடுத்தது வாங்கிப் படிப்பது. அவள் மனத்தில் இருந்த வழியும் இதுதான், நான் அதிகம் பணத்தை விட்ட வழியும் இதுதான்.

மஸ்ஜிட் இந்தியாவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ இந்தியாவிலிருந்து வரும் தமிழ் நூலை எடுத்துப் பின்னட்டையைப் பாருங்கள். 300 ரூபாய் என்று அச்சிட்டிருப்பது இங்கே 35, 40 ரிங்கிட் ஆவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கப்பல் கூலி, கடை வாடகை, விற்காமல் தேங்கும் பிரதிகள் எல்லாம் சேர்ந்த விலை அது. கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. மாதம் 100 ரிங்கிட்டில் இரண்டு புத்தகம், மிஞ்சுகிற காசுக்குத் தே தாரிக் தேநீர். வருமான வரி கட்டுகிறவர்களுக்கு ஓர் ஆறுதல்: புத்தகச் செலவை வாழ்க்கைமுறை வரிக்கழிவில் காட்டலாம். ஆண்டு வரம்பு 2,500 ரிங்கிட். தொலைபேசியும் இணையக் கட்டணமும் அதே வரம்புக்குள் வருவதால், புதுத் தொலைபேசி வாங்கிய வருடத்தில் புத்தகத்துக்கு அங்கே இடமிருக்காது. ரசீதை மட்டும் பத்திரப்படுத்தச் சொன்னேன். பழைய ஆங்கிலப் புத்தகம் போதுமென்றால் பெட்டாலிங் ஜெயாவின் அம்கோர்ப் மாலில் வார இறுதிச் சந்தை இருக்கிறது. பினாங்குக்குப் போகிறவர்கள் சௌராஸ்தா சந்தையின் மாடிப்படி ஏறிப் பார்க்கலாம். மணிக்கணக்கில் தூசி தட்ட ஆசையுள்ளவர்களுக்கு அது சொர்க்கம்.

ஆனால் விலையைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. வாங்கிய கணத்திலேயே படித்துவிட்ட திருப்தி வந்துவிடுகிறது. நம் நூல் வெளியீடுகளை நினைத்துப் பாருங்கள். மாலை மரியாதை, தலைவருக்காகக் காத்திருப்பு, பிறகு உறையில் பணம் வைத்து வரிசையில் நின்று, மேடையில் அவர் கையால் நூலைப் பெற்று, ஒரு படம். கல்யாணத்து மொய்க்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரிவதில்லை. எழுத்தாளருக்கு அச்சுச் செலவு தேறுகிறது, அது நல்லது; நான் இன்னமும் உறையோடு போகிறேன். ஆனால் அப்படி வந்த 31 நூல்கள் என் அலமாரியில் இருக்கின்றன. முழுதும் படித்தது ஒன்பது. அவளை எழுந்து போய் எண்ணிப் பார்க்கச் சொன்னேன். "மறுநாள் கேட்க யார்?" என்ற கேள்விக்கு அலமாரியின் பதில், யாருமில்லை. தூசி கேட்பதில்லை.

நூலகம் அப்படியல்ல, அங்கே ஒரு தேதி கேட்கிறது. திருப்பித் தரவேண்டிய நாள் என்ற சின்ன முத்திரைக்கு இருக்கிற அதிகாரம் எந்தத் தன்முனைப்புப் பேச்சாளருக்கும் இல்லை என்பது என் கட்சி. அவள் தினமும் ரயில் மாறுகிற மஸ்ஜிட் ஜாமெக்கிலிருந்து நடக்கிற தூரத்தில், மெர்டேக்கா சதுக்கத்தின் ஓரமாக, ஜாலான் ராஜாவில் கோலாலம்பூர் நூலகம் இருக்கிறது. நான்கு வருடமாக அந்த வழியே போகிறவளுக்கு அது தெரியவில்லை. மலாய், ஆங்கில நூல்களுக்குக் குறைவில்லை. தமிழுக்காக மட்டும் போனால் ஏமாற்றம் வரலாம். நான் போய்வந்த கிளை நூலகம் ஒன்றில் தமிழ் அலமாரி என்பது இரண்டு தட்டு. அதில் ஒரு தட்டு முழுக்கச் சமையல், ஜோதிடம்.

மலேசியத் தமிழ் நூல் எதையாவது தேடி எங்கும் கிடைக்காதவர்கள் கடைசியாகப் போகவேண்டிய இடம் ஜாலான் துன் ரசாக்கிலுள்ள தேசிய நூலகம், தெங்கோலோக் தலைப்பாகை வடிவத்தில் நிற்கும் அந்தக் கட்டடம். 1986ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி இந்நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் ஐந்து பிரதிகளைப் பதிப்பாளர் அங்கே கொடுத்தாகவேண்டும். நம் ஆட்கள் எல்லாரும் கொடுக்கிறார்களா என்பது வேறு கதை.

இனி வாசிப்பு வட்டம். எங்களுடையது 2020இல் தொடங்கியது. அந்த வருடத்துக்கான உலகப் புத்தகத் தலைநகராக யுனெஸ்கோ கோலாலம்பூரை அறிவித்திருந்தது. ஏப்ரல் 23ஆம் தேதி அந்த ஆண்டு தொடங்கியபோது நாம் எல்லாரும் நடமாட்டக் கட்டுப்பாட்டில் வீட்டுக்குள் கிடந்தோம். நகரம் புத்தகத் தலைநகர், கடைகளோ பூட்டு. ஆறு பேர் திரையில் முகம் பார்த்துப் பேசத் தொடங்கினோம். இப்போது மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறோம்.

இதன் குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் பாதி நேரம் பலகாரத்திலும் பிள்ளைகளின் கல்யாணத்திலும் போயிற்று. ஒருவர் புத்தகத்தைப் படிக்காமலே நாற்பது நிமிடம் பேசுவார், அதுவும் எல்லாரையும்விட நன்றாக. தேர்ந்தெடுக்கும் நூலில் ஒருமித்த கருத்து வரவே வராது. பிறகு ஒரு விதி வைத்தோம். புத்தகம் மூடி மேசைமேல் இருக்கவேண்டும். ஒவ்வொருவரும் நினைவிலிருந்து ஐந்து நிமிடம் சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் பலகாரம். படிக்காமல் பேசியவர் இரண்டே மாதத்தில் படிக்கத் தொடங்கினார்.

இந்த விதிக்குப் பின்னால் ஆய்வும் இருப்பது பிறகு தெரிந்தது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதையே நான்கு முறை படித்தது. இன்னொன்று ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் மூன்று முறை நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பத் திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள்: 83 விழுக்காட்டுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கணக்கு தலைகீழானது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 40. என் கருத்தரங்கு அழுகை ஐந்து நிமிடச் சோதனையில் தேறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வட்டம் இல்லாதவர்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் பாதி வட்டம். ரயிலிலிருந்து இறங்கி அலுவலகத்துக்கு நடக்கும்போது, படித்ததை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பது கால் வட்டம்.

வழி இருக்கட்டும், எந்த மாதிரி நூல் என்று அவள் விடவில்லை. அங்கேதான் அந்த மூன்று நோய்களுக்குத் திரும்பினோம்.

கூட்டத்தில் பேச வரவில்லை என்பதற்குப் புத்தகமே வேண்டாம் என்றேன். நீச்சலைப் படித்துக் கற்றவரை நான் பார்த்ததில்லை. நகரில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றங்கள் பல இருக்கின்றன. மாதம் இரண்டு முறை நடுங்கிக்கொண்டே எழுந்து நின்றால் போதும். பேச்சுக்கலை நூல் வேண்டுமானால் மூன்றாவது மேடைக்குப் பிறகு படிக்கட்டும். எங்கே இடறுகிறோம் என்று தெரிந்தபின் படிக்கிற வரிதான் ஒட்டும்.

பண விஷயத்தில் சுயமுன்னேற்ற நூல்களை நம்பி அவள் நிறைய இழந்துவிடுவாள் என்று பயந்தேன். அமெரிக்க நூலின் தமிழாக்கம் அந்நாட்டு ஓய்வூதியக் கணக்கைப் பேசும்; சென்னை நூல் அங்குள்ள வைப்புநிதியைப் பேசும். இவளுக்குச் சம்பளத்தில் 11 விழுக்காடு இ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதிக்குப் போகிறது, பி.டி.பி.டி.என். கல்விக் கடன் பாக்கி இருக்கிறது. 2024 மே மாதத்திலிருந்து இ.பி.எஃப்.பில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய மூன்றாவது கணக்கு வேறு வந்து, அவள் கை அரித்துக்கொண்டிருக்கிறது. இதற்கு எந்த மொழிபெயர்ப்பும் உதவாது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏ.கே.பி.கே. என்ற கடன் நிர்வாக அமைப்பு இலவசமாக ஆலோசனை சொல்கிறது. முதலில் அங்கே போ, அதன் பிறகு ஒரு செலவு நோட்டு, அதற்கும் பிறகு ஆசையிருந்தால் ஒரு நூல், அதுவும் காகிதத்தில். 21 நாளில் பழக்கம் மாறும் என்று அட்டையில் போட்டிருந்தால் கீழே வைத்துவிடு. 2010இல் வெளிவந்த லண்டன் ஆய்வொன்று 96 பேரைப் பின்தொடர்ந்து, ஒரு பழக்கம் ஊன்றுவதற்கு ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று மதிப்பிட்டது. நடுமதிப்பு 66 நாள். என் 11 நாளை நினைத்து அன்று சிரித்துக்கொண்டோம்.

அம்மாவோடு சண்டை என்பதற்குத்தான் நான் நாவலை எடுத்தேன். நாவல் படித்தால் பிறர் மனம் புரியும் என்று 2013இல் ஓர் ஆய்வு பெரிய பரபரப்போடு வந்தது; 2016இல் கூடுதல் ஆட்களை வைத்து மறுபடி செய்து பார்த்தவர்களுக்கு அந்த முடிவு கிட்டவில்லை. ஆகவே அறிவியலைக் காட்டி அவளை நம்பவைக்க எனக்கு வழியில்லை. எனக்குத் தெரிந்தது வேறு. என் அண்ணியின் பாட்டனார், ஜப்பானியர் போர்க்காலத்தில் போட்ட சயாம் ரயில் பாதைக்கு 1943இல் பிடித்துச் செல்லப்பட்டவர். 415 கிலோமீட்டர் தண்டவாளம்; தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் திரும்பாதவர்களின் வரிசையில் அவரும் சேர்ந்துவிட்டார். அண்ணி அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. வீட்டில் ஒருவர் வெளியே போய்ச் சொன்ன நேரத்துக்குத் திரும்பாவிட்டால் அவருக்கு வருகிற கோபம் எங்கிருந்து வருகிறது என்று அண்ணன் போகும்வரை எனக்கே புரியவில்லை. அந்த ரயில் பாதையை நம் மலேசிய எழுத்தாளர்கள் நாவலாக எழுதியிருக்கிறார்கள். அதில் ஒன்றை அண்ணி படித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்து, மூன்றாம் நாள் தன் பாட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கியது எனக்குத் தெரியும். மகளுக்குத் தெரியாது. தாயும் மகளும் நேருக்கு நேர் பேச முடியாதபோது நடுவில் வைக்க ஏதாவது ஒன்று வேண்டும்.

"அப்படியானால் நூறு ரிங்கிட்?" என்றாள். மன்றச் சந்தாவுக்கு ஒரு பகுதி, இரண்டு மாதத்துக்கு ஒரு நூல், மீதியை அந்தச் செலவு நோட்டின் முதல் வரியாகச் சேமிப்பில் எழுது என்றேன். கருத்தரங்கு விளம்பரத்தை அவள் அழிக்கவில்லை. தோழி ஒருத்தி போகிறாளாம், அவளிடம் கேட்டுப் பார்க்கிறாளாம். கேட்கட்டும்.

கிளம்பும்போது அலமாரியிலிருந்து அந்த ரயில் பாதை நாவலை எடுத்துக் கொடுத்தேன். பைக்குள் வைத்தவள், "எப்போது திருப்பித் தரவேண்டும், அத்தை?" என்று கேட்டாள்.

"தைப்பூசத்துக்கு முன்னால். தாமதமானால் வடை உன் செலவு."

"இன்றைக்கும் என் செலவுதானே?" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள்.